‘க’வுக்கு எண் 2965

தமிழ் இணையத்தில் கொஞ்ச காலம் புழங்கியவர்களுக்கு அந்தக் காட்சி பழக்கம். பழைய வலைப்பக்கம் ஒன்றைத் திறந்தால், அல்லது யாரோ அனுப்பிய சிஎஸ்வி கோப்பை எக்செல்லில் திறந்தால், தமிழ் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே கிறுக்கல். சற்று உற்றுப் பார்த்தால் அந்தக் கிறுக்கலிலும் ஓர் ஒழுங்கு தெரியும். தலையில் சாய்கோடு போட்ட ஆங்கிலச் சின்ன ‘ஏ’, அதன் பக்கத்தில் வட்டத்துக்குள் ஓர் ‘ஆர்’ (சோப்பு உறையில் கம்பெனிப் பெயருக்கு அருகே பொடியாக இருக்குமே, அதே குறி), பிறகு ஏதாவது ஒன்று. மறுபடி சாய்கோட்டு ‘ஏ’, மறுபடி வட்டத்து ‘ஆர்’. பக்கம் முழுக்க இதே தாளம்.

“எழுத்து உடைஞ்சு தெரியுது” என்று சொல்லி மூடிவிடுவோம். ஆனால் அங்கே எதுவும் உடைந்திருக்காது. எழுதியவர் எழுதியது ஒரு புள்ளிகூடக் குறையாமல் அப்படியே கோப்பில் இருக்கிறது. படிக்கும் மென்பொருள் தவறான அட்டவணையைக் கையில் வைத்துக்கொண்டு படிக்கிறது, அவ்வளவே. அது எந்த அட்டவணை, சரியான அட்டவணையைப் போட்டது யார், ஒவ்வொரு முறையும் அந்த ‘ஏ’யும் ‘ஆர்’உம் மட்டும் ஏன் வந்து நிற்கின்றன என்று தோண்டிப் போனால், கைப்பேசியில் நாம் தினமும் தட்டும் தமிழுக்கு அடியில் எத்தனை பேருடைய முடிவுகள் கிடக்கின்றன என்று தெரியவரும்.

கணினிக்கு எழுத்து என்று ஒன்று கிடையாது. எண்கள் மட்டுமே உண்டு. ‘அ’ என்றால் 2949. ‘க’ என்றால் 2965. ‘ழ’ 2996. புள்ளிக்குத் தனி எண், 3021. இவற்றை ஒதுக்கித் தருவது யூனிகோடு கூட்டமைப்பு. 1991இல் கலிஃபோர்னியாவில் பதிவான லாப நோக்கற்ற அமைப்பு. அதே ஆண்டு வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கிடைத்துவிட்டது.

எண் கொடுத்தாயிற்று, அதை எப்படிச் சேமிப்பது, எப்படி அனுப்புவது? ஒரு பைட்டில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். 2965 அதற்குள் போகாது. எல்லா எழுத்துக்கும் இரண்டு பைட், நான்கு பைட் என்று பொதுவாக ஒதுக்கிவிட்டால், அதுவரை ஒரு பைட்டிலேயே ஓடிக்கொண்டிருந்த ஆங்கிலக் கோப்புகளும் நிரல்களும் குழம்பிப் போகும். 1992 செப்டம்பரில் ஒரு மாலை, நியூ ஜெர்சியில் ஒரு சாதாரண உணவகத்தில், பெல் ஆய்வகத்தின் கென் தாம்சனும் ராப் பைக்கும் இந்தச் சிக்கலைப் பேசிக்கொண்டிருந்தார்கள். யூனிக்ஸை உருவாக்கிய இருவரில் தாம்சன் ஒருவர். தட்டுக்கு அடியில் விரிக்கும் காகிதத்தில் அவர் ஒரு கணக்குப் போட்டார். சில நாட்களில் அது ஓர் இயங்குதளத்திலேயே ஓடத் தொடங்கிவிட்டது. அதுதான் யுடிஎஃப்-8. இன்றைய வலைத்தளங்களில் 98 சதவீதத்துக்கும் மேல் அந்தக் காகிதத்துக் கணக்கில்தான் ஓடுகின்றன.

கணக்கு எளிமையானது. ஆங்கில எழுத்துக்கு முன்பு போலவே ஒரு பைட். மற்றவற்றுக்குத் தேவையைப் பொறுத்து இரண்டு, மூன்று, நான்கு. சாமர்த்தியம் என்னவென்றால், ஒவ்வொரு பைட்டும் தான் யார் என்பதைத் தன் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. ‘க’ இப்படிப் பயணம் செய்கிறது:

11100000 10101110 10010101

முதல் பைட்டின் தொடக்கத்தில் மூன்று 1கள். ‘இது மூன்று பைட் எழுத்து’ என்று அதற்குப் பொருள். அடுத்த இரண்டும் 10 என்று தொடங்குகின்றன. ‘தனியே படிக்காதே, முந்தியதோடு சேர்த்துப் படி’ என்கின்றன. இந்த அடையாளங்களை உரித்துவிட்டு மிச்சத்தை ஒட்டினால் 0000101110010101 வரும். பழகிய பத்தடிமானத்துக்கு மாற்றிப் பாருங்கள், 2965. அனுப்பும் வழியில் நடுவில் ஒரு பைட் தொலைந்தால்கூட, அடுத்து 10 என்று தொடங்காத பைட் வந்ததும் படிக்கும் நிரல் சுதாரித்துக்கொள்ளும். போவது ஒரே ஓர் எழுத்து. பக்கம் முழுதும் நாசமாகாது.

இப்போது அந்த ‘ஏ’யும் ‘ஆர்’உம். ‘க’வின் மூன்று பைட்டுகளைச் சாதாரண எண்ணாகச் சொன்னால் 224, 174, 149. தமிழ்ப் பகுதியில் உள்ள எல்லா எழுத்துக்கும் முதல் பைட் 224தான். இரண்டாவது 174 அல்லது 175. மூன்றாவதுதான் எழுத்துக்கு எழுத்து மாறும். விண்டோஸில் மேற்கு ஐரோப்பிய மொழிகளுக்கென்று ஒரு பழைய அட்டவணை உண்டு. ஒரு பைட்டுக்கு ஓர் எழுத்து. அதில் 224 என்பது சாய்கோட்டு ‘ஏ’. 174 என்பது வட்டத்து ‘ஆர்’. 149 என்பது தடித்த கரும்புள்ளி. யுடிஎஃப்-8 என்று யாரும் சொல்லாததால் மென்பொருள் இந்த அட்டவணையை எடுத்து விரிக்கிறது. ஒரே ‘க’ மூன்று குறிகளாகச் சிதறுகிறது. ‘ம’வின் எண்கள் 224, 174, 174. ஆகவே வட்டத்து ‘ஆர்’ அடுத்தடுத்து இரண்டு நின்றால், அங்கே மகரம் இருக்கிறது என்று கண்ணாலேயே படித்துவிடலாம். இகரத்தின் கொக்கி, ஸ்பானியர்கள் கேள்வியின் தொடக்கத்தில் போடும் தலைகீழ்க் கேள்விக்குறியாகிவிடும். நம் புள்ளியின் கடைசி பைட் 141. அந்த அட்டவணையில் 141க்கு உருவமே கிடையாது. ஒரே எண் போட்ட நகரப் பேருந்து சென்னையில் ஓரிடத்துக்கும் மதுரையில் வேறிடத்துக்கும் போவது போலத்தான் இது. எண்ணில் பிழை இல்லை. எந்த ஊர் என்று கேட்காமல் ஏறியாகிவிட்டது.

வலைப்பக்கம் வடிவமைப்பவர் இதைத் தடுக்க எழுத வேண்டியது ஒரே வரி: இந்தப் பக்கம் யுடிஎஃப்-8 என்ற மெட்டா குறிப்பு. அந்தக் குறிப்பு பக்கத்தின் முதல் 1024 பைட்டுகளுக்குள் வந்துவிட வேண்டும் என்று எச்டிஎம்எல் விதி சொல்கிறது. இங்கே ஒரு குறும்புக் கேள்வி எழலாம். எந்த அட்டவணையில் படிப்பது என்று சொல்லும் வரியையே எந்த அட்டவணையில் படிப்பது? அந்த வரி வெறும் ஆங்கில எழுத்துகளால் ஆனது. ஆங்கில எழுத்துகளின் எண்கள் கிட்டத்தட்ட எல்லா அட்டவணைகளிலும் ஒன்றே. அதனால் தப்பித்துக்கொள்கிறது.

தமிழ் விக்கிப்பீடியா கட்டுரை ஒன்றின் இணைப்பை நகலெடுத்து வாட்ஸ்அப்பில் ஒட்டும்போது முழ நீளத்துக்கு வந்து விழும் சதவீதக் குறிகளும் எண்களும் இதே கதைதான். இணைப்பு முகவரிக்குள் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் தவிர வேறெதற்கும் பழைய விதிப்படி அனுமதி இல்லை. ஆகவே ஒவ்வொரு பைட்டையும் ஒரு சதவீதக் குறி, அதன் பின் பதினாறடிமானத்தில் இரண்டு இலக்கம் என்று மூன்று குறிகளாக எழுதிவிடுகிறார்கள். ‘தமிழ்’ என்பது நமக்கு மூன்றெழுத்து. யூனிகோடுக்கு த, ம, கொக்கி, ழ, புள்ளி என்று ஐந்து எண். யுடிஎஃப்-8இல் 15 பைட். இணைப்பில் 45 குறி. குறுஞ்செய்திக்குத் தமிழில் சீக்கிரம் இடம் தீர்ந்துபோவதும் இந்தக் குடும்பத்துச் சண்டைதான்: ஆங்கிலத்தில் 160 எழுத்து வரை ஒரு செய்தி, ஒரே ஒரு தமிழ் எழுத்து நுழைந்தாலும் செய்தி முழுவதும் வேறு முறைக்கு மாறி, அளவு 70 ஆகச் சுருங்கிவிடும். அந்த 70இல் புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனியே இடம் பிடிக்கும்.

யூனிகோடு நடைமுறைக்கு வருவதற்கு முன்பு நிலைமை எப்படி இருந்தது என்பதை டிடிபி கடைக்காரர்களிடம் கேட்க வேண்டும். எழுத்துருவின் பெயரே அங்கே மொழியின் பெயர்போலப் புழங்கும். “பாமினியில இருக்கா, வானவில்லா, ஸ்ரீலிபியா?” பாமினியின் உத்தி துணிச்சலானது. ஆங்கில எழுத்துகளுக்குரிய எண்களையே எடுத்துக்கொண்டு, அவற்றின் படத்தை மட்டும் தமிழாக மாற்றி வரைந்துவிட்டார்கள். கணினியைப் பொறுத்தவரை நீங்கள் அடித்தது ஆங்கிலம். திரையில் தெரிவது தமிழ். பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்துவிட்டு எழுத்துருவை மாற்றினால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என்று ஆங்கிலத்தில் நிற்கும். அச்சடிக்க இது போதும், அருமையாகவே வேலை செய்தது. ஆனால் இணையத்தில் போட்டால், படிப்பவரின் கணினியிலும் அதே எழுத்துரு இருந்தாக வேண்டும். ஒவ்வொரு நாளிதழும் வார இதழும் தனக்கென்று ஓர் எழுத்துரு வைத்திருந்தது. ‘படிப்பதற்கு முன் எழுத்துருவைத் தரவிறக்கிக்கொள்ளுங்கள்’ என்று முகப்பில் ஒரு சுட்டி. ஒரு தளத்துச் செய்தியை நகலெடுத்து இன்னொரு தளத்தில் ஒட்ட முடியாது. தேடுபொறிக்கு அவை தமிழ்ப் பக்கங்களாகவே தெரியாது.

இந்தக் குழப்பத்தைத் தீர்க்க முதலில் இறங்கியவர்களில் பலர் தமிழ்நாட்டுக்கு வெளியே இருந்தார்கள். சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் வேதியியல் ஆய்வாளராக இருந்த கல்யாணசுந்தரம், மலேசியாவில் முரசு அஞ்சல் மென்பொருளை உருவாக்கிய முத்து நெடுமாறன், சிங்கப்பூர் எழுத்தாளர் நா. கோவிந்தசாமி என்று ஒரு வரிசை. மின்னஞ்சலிலேயே விவாதித்து, ஆங்கிலத்தைத் தொடாமல் 128க்கு மேற்பட்ட இடங்களில் தமிழை உட்காரவைக்கும் ‘டிஸ்கி’ என்ற பொது அட்டவணையைச் சிலர் உருவாக்கினார்கள். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டம் பழந்தமிழ் நூல்களை முதலில் அந்த முறையில்தான் ஏற்றியது. 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழ்நாட்டு அரசு ‘டாம்’, ‘டாப்’ என்று இரண்டு அட்டவணைகளையும் தமிழ்99 விசைப்பலகையையும் அறிவித்தது. அட்டவணைகள் வழக்கொழிந்துவிட்டன, விசைப்பலகை இன்னும் உயிரோடு இருக்கிறது. விண்டோஸ் 2000 ‘லதா’ எழுத்துருவோடு யூனிகோடு தமிழைக் கொண்டுவந்த பிறகு காற்று மெல்லத் திசை மாறியது. ஆனாலும் பழைய பாமினிக் கோப்புகள் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் மூட்டை மூட்டையாகக் கிடக்கின்றன. சுரதா, அழகி, என்எச்எம் மாதிரியான மாற்றிகளுக்கு வேலை தீர்ந்தபாடில்லை.

சரி, ‘க’வுக்கு ஏன் 2965? யாராவது சீட்டுக் குலுக்கிப் போட்டார்களா? ஒரு சின்னச் சோதனை செய்து பார்க்கலாம். 2965உடன் 128ஐக் கூட்டினால் 3093. அது தெலுங்கின் க. மேலும் ஒரு 128 கூட்டினால் கன்னடத்தின் க. இன்னொரு 128, மலையாளத்தின் க. 2965இலிருந்து எதிர்த் திசையில் ஐந்து முறை 128ஐக் கழித்தால் தேவநாகரியின் க. ஒன்பது இந்திய எழுத்துமுறைகளும் 128 படி இடைவெளியில், ஒரே ஒழுங்கில், அடுத்தடுத்து நிற்கின்றன. இந்திய அரசு 1988இல் ‘இஸ்கி’ என்ற அட்டவணையை வகுத்தது. எல்லா இந்திய மொழிகளின் ககரத்துக்கும் அதில் ஒரே எண். எந்த லிபி என்ற கொடியை மட்டும் மாற்றினால் இந்திப் பெயர் தமிழில் தெரியும், தமிழ்ப் பெயர் தெலுங்கில் தெரியும். ரயில் பயணிகள் பட்டியல் போன்றவற்றுக்கு மிகவும் வசதியான ஏற்பாடு. யூனிகோடு ஒவ்வொரு லிபிக்கும் தனி இடம் கொடுத்தாலும் உள்ளே இருந்த ஒழுங்கை இஸ்கியிலிருந்தே எடுத்துக்கொண்டது.

அந்த ஒழுங்கு தேவநாகரியின் ஒழுங்கு. அங்கே ககர வரிசையில் நான்கு எழுத்து, பிறகு ங. தமிழில் ககரம் ஒன்றே. ஆகவே 2965க்குப் பிறகு மூன்று இடங்கள் காலி; 2969இல்தான் ‘ங’. ட, த, ப ஒவ்வொன்றுக்குப் பின்னும் இப்படி மும்மூன்று காலி இடங்கள். தமிழுக்கு ஒதுக்கிய 128 இடங்களில் இன்றுவரை நிரம்பியவை 72. வடக்கிலிருந்து வந்த சட்டகத்தில் இல்லாத நம் சிறப்பெழுத்துகளை, ஓசையில் நெருங்கியவற்றின் பக்கத்தில் செருகியிருக்கிறார்கள்: ‘ந’வுக்கு அடுத்து ‘ன’, ‘ர’வுக்கு அடுத்து ‘ற’, ‘ள’வுக்கு அடுத்து ‘ழ’. நாம் பள்ளியில் படித்ததோ ய, ர, ல, வ, ழ, ள, ற, ன. விளைவு என்னவென்றால், எண்ணை மட்டும் பார்த்து அகரவரிசைப்படுத்தும் நிரலில் ‘கனி’ முன்னால் வரும், ‘கல்’ பின்னால் வரும். அகராதியில் இது தலைகீழ். தமிழுக்கென்று தனி வரிசை விதிகளை இதற்காகவே வகுத்திருக்கிறார்கள். நிரல் எழுதுகிறவர் அவற்றை அழைத்தால் சரியாகிவிடும். அழைக்க மறந்த நிரல்களின் பட்டியல்களை நாம் அன்றாடம் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறோம்.

இதைவிடப் பெரிய வழக்கு புள்ளியைப் பற்றியது. தமிழ் இலக்கணப்படி ‘க்’ அடிப்படை; அதோடு அகரம் சேர்ந்து ‘க’ பிறக்கிறது. யூனிகோடு இதைக் கவிழ்த்துப் போட்டது. அங்கே ‘க’ ஒரே எண். ‘க்’ வேண்டுமென்றால் ‘க’வும் புள்ளியும் என்று இரண்டு எண். 247 எழுத்துகளைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். உயிர் 12, அகரமேறிய உயிர்மெய் 18, ஆய்தம் 1 என்று 31 எழுத்துகளுக்கு மட்டும்தான் ஒற்றை எண். மிச்சம் 216க்கும் இரண்டிரண்டு. தமிழுக்கு அநியாயம் நடந்துவிட்டது என்ற குரல் பல மாநாடுகளில் ஒலித்தது. எல்லா எழுத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் ‘டேஸ்16’ என்ற மாற்று முறையை உருவாக்கினார்கள்; 2010இல் தமிழ்நாட்டு அரசு யூனிகோடோடு அதையும் ஏற்றுக்கொண்டது. ஆனால் டேஸ் உட்கார்ந்திருப்பது யூனிகோடின் தனிப்பயன் பகுதியில், அதாவது யார் வேண்டுமானாலும் தங்களுக்குள் பேசி வைத்துக்கொள்ளலாம் என்று விட்டுவைத்த புறம்போக்கில். அங்கே உள்ள எண்ணுக்கு அமெரிக்காவில் எழுதிய ஒரு நிரல் எந்தப் பொருளும் தராது.

என் கட்சி இதில் யூனிகோடு பக்கம்தான். இலக்கண நியாயம் எதிர்த் தரப்பில் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் இலக்கணத்தைக் காப்பாற்ற வேண்டிய இடம் சேமிப்புக் கிடங்கு அல்ல. அதோடு, இந்த அட்டவணையின் பலமே அதன் பிடிவாதம். ஒரு முறை கொடுத்த எண்ணை எந்தக் காரணத்துக்காகவும் மாற்றுவதில்லை என்று கூட்டமைப்பு வைத்திருக்கும் விதி கடுமையானது. ஒரு குறிக்கு வைத்த ஆங்கிலப் பெயரில் ‘பிராக்கெட்’ என்பதன் இரண்டு எழுத்துகள் இடம் மாறி அச்சாகிவிட்டன; பிழை என்று தெரிந்தும் அந்தப் பெயரை இன்றுவரை அப்படியே வைத்திருக்கிறார்கள். நாளைக்கு நியாயம் பேசி ‘க’வின் எண்ணை மாற்றினால், இதுவரை எழுதிய தமிழ்ப் பக்கங்கள் அத்தனையும் ஒரே இரவில் புதிய கிறுக்கலாகிவிடும்.

எண் வந்து சேர்ந்த பிறகும் கதை முடியவில்லை. அதை எழுத்தாக வரைய வேண்டுமே! ‘கொ’ என்பது சேமிப்பில் ‘க’, பிறகு ஒகரக் குறி. காதுக்குக் கேட்கும் வரிசை அது. கண்ணுக்கோ கொம்பு இடப்பக்கம், கால் வலப்பக்கம், நடுவில் ‘க’. ஒகரக் குறியை இரண்டாகப் பிளந்து, பாதியை முன்னால் கொண்டுபோய் வைக்கும் வேலையை ஒரு தனி நிரல் செய்கிறது. ஆண்டிராய்டு, குரோம், ஃபயர்ஃபாக்ஸ், லிப்ரெஆபீஸ் எல்லாவற்றிலும் இதைச் செய்வது ‘ஹார்ஃப்பஸ்’ என்ற கட்டற்ற நிரல். ‘கு, சு, து, நு’ என்று உகரம் ஏறும்போது ஒவ்வொரு மெய்யும் வேறு வேறு விதமாக வளையும். பொதுக் குறி ஒன்றைப் பக்கத்தில் ஒட்டினால் போதாது. இந்த இரண்டு எண் சேர்ந்து வந்தால் இந்தப் படம் என்று எழுத்துருவுக்குள்ளேயே ஒரு பட்டியல் இருக்கிறது. பேச்சுப் போக்கில் ஒரு வார்த்தை அடிப்பதற்குள் இந்தத் தேடலும் பிளத்தலும் நகர்த்தலும் பலமுறை நடந்து முடிந்துவிடுகின்றன.

இதில் எனக்குப் பிடித்த ஒரு சங்கதி உண்டு. 1978இல் எம்.ஜி.ஆர். அரசு பெரியார் முன்வைத்த சீர்திருத்தங்களில் சிலவற்றை ஏற்றபோது, ‘லை, ளை, ணை’ போன்றவற்றின் பழைய யானைத் துதிக்கை வடிவம் பாடநூல்களிலிருந்து போய்விட்டது. இன்று ஓர் எழுத்துரு வடிவமைப்பாளர் நினைத்தால் அந்தத் துதிக்கையைத் திரும்பக் கொண்டுவரலாம். கோப்பில் ஒரு பைட்டையும் மாற்ற வேண்டியதில்லை. இன்றைய செய்தியை 1950களின் எழுத்தில் படிக்கலாம்.

இந்த வரையும் வேலை சறுக்கும் இடங்களும் நமக்குத் தெரிந்தவையே. கொம்போ காலோ ஒட்டிக்கொள்ள எழுத்தில்லாமல் அனாதையாக வந்தால், வரையும் நிரல் புள்ளிகளால் ஆன ஒரு வட்டத்தைப் போட்டு அதில் அதை மாட்டிவிடும். கட்டம் கட்டமாகத் தெரிந்தால் எண் சரி, அட்டவணையும் சரி, எழுத்துருவில் அந்த எண்ணுக்குப் படம் இல்லை என்று பொருள். 2019இல் முந்திரி முதலான பழைய பின்னக் குறிகளையும் அளவைக் குறிகளையும் சேர்த்து 51 தமிழ்க் குறிகள் யூனிகோடில் ஏறின; முந்திரி என்றால் 320இல் ஒரு பங்கு. அவற்றைக் கைப்பேசியில் அனுப்பிப் பாருங்கள், எதிர்முனையில் பெரும்பாலும் கட்டம்தான் போய்ச் சேரும். இன்னும் மோசமான சறுக்கலும் உண்டு. 2018 பிப்ரவரியில் ஒரே ஒரு தெலுங்குக் கூட்டெழுத்து வந்து சேர்ந்தால் ஐஃபோன் செயலிகள் மூச்சடைத்து விழுந்தன. அதை வரையும் கணக்கில் எங்கோ ஒரு தவறு. அதே மாதத்தில் திருத்தம் வெளியிட்டார்கள்.

உங்கள் கைப்பேசியிலேயே இதை உணரலாம். ‘கொ’ என்று அடித்துவிட்டு, பின்னழிப்பு விசையை ஒருமுறை தட்டுங்கள். பெரும்பாலான கருவிகளில் கொம்பும் காலும் மட்டும் போய் ‘க’ நிற்கும். அம்புக்குறி விசையால் நகர்ந்தாலோ ‘கொ’வை ஒரே தாவில் தாண்டிவிடும். ஒரு விசை எண்களைப் பார்க்கிறது, மற்றொன்று எழுத்தைப் பார்க்கிறது.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது எண்ணில் வேறாக இருப்பதும் அடிக்கடி நடக்கும். ‘ஸ்ரீ’ என்ற எழுத்தை முதலில் ‘ஸ’வை வைத்து அமைத்தார்கள். 2005இல் ‘ஶ’ தனி எழுத்தாகச் சேர்ந்த பிறகு அதை வைத்தும் அமைக்கலாம் என்றாகிவிட்டது. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. ஒருவர் ஒரு விதமாக அடித்த ஸ்ரீதரை, இன்னொரு விதமாக அடித்துத் தேடினால் கிடைக்காமல் போகலாம். ‘ஒ’வும் ‘ள’வும் சேர்ந்தால் ‘ஔ’ மாதிரி இருக்கும். ‘ர’வைக் கால் என்று அடிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். தமிழ் எண்ணான ஒன்று ககரத்தைப் போலவே இருக்கிறது, ஏழு எகரத்தைப் போலவே. தமிழிலேயே இணைய முகவரி வைக்க வழி வந்துவிட்ட காலத்தில் (‘.இந்தியா’, ‘.இலங்கை’, ‘.சிங்கப்பூர்’ மூன்றும் நடைமுறையில் இருக்கின்றன) இந்த உருவ ஒற்றுமை ஏமாற்றுக்காரர்களுக்கு வசதி. எனவே முகவரிப் பதிவில் எதை அனுமதிப்பது, எதைத் தடுப்பது என்று தனி விதிகள் எழுதியிருக்கிறார்கள்.

இப்போது அந்த மூன்று பைட் கணக்கு புதிய ஓரிடத்தில் தலைகாட்டுகிறது. செயற்கை நுண்ணறிவு உரையாடிகள் எழுத்தையோ சொல்லையோ நேரடியாக எடுத்துக்கொள்வதில்லை. பல மாதிரிகளில் உரையைப் பைட்டுகளாகப் பார்த்து, அடிக்கடி சேர்ந்து வருகிறவற்றை ஒட்டித் துண்டுகளாக்கி, துண்டுக்கு ஓர் எண் என்று மறுபடியும் ஓர் அட்டவணை போடுகிறார்கள். கட்டணமும் வேகமும் அந்தத் துண்டுகளின் எண்ணிக்கையைப் பொறுத்தவை. அட்டவணை தயாரிக்கக் கொடுத்த உரைகளில் ஆங்கிலமே மிகுதி என்பதால், ஆங்கிலத்தில் ஒரு சொல் பெரும்பாலும் ஒரே துண்டு. தமிழோ ஓர் எழுத்துக்குள்ளேயே வெட்டுப்படும். 2024 மே மாதம் ஓபன்ஏஐ தன் ஜிபிடி-4ஓ மாதிரியை அறிமுகப்படுத்தியபோது, அட்டவணையை ஏறத்தாழ ஒரு லட்சம் துண்டுகளிலிருந்து இரண்டு லட்சமாகப் பெருக்கியது. என்ன மாறியது என்று காட்ட, ஒரே வாசகத்தைப் பல மொழிகளில் எழுதி எண்ணிக் காட்டினார்கள். ஆங்கிலத்தில் 27 துண்டு 24 ஆனது. தமிழில் 116 துண்டு 35 ஆனது.

ஆனாலும் வெட்டு விழும் இடங்களைத் தீர்மானிப்பது எது எத்தனை முறை சேர்ந்து வந்தது என்ற எண்ணிக்கை மட்டுமே. ‘வந்துகொண்டிருந்தவர்களுக்காகத்தான்’ என்று நாம் சாதாரணமாக எழுதும் ஒரு சொல், 19 எழுத்து, 33 எண், 99 பைட். நன்னூல் இதைப் பகுதி, இடைநிலை, சாரியை, விகுதி என்று பிரிக்கச் சொல்லிக்கொடுத்தது. நிரல் வெட்டும்போது ‘கொ’வின் ககரம் ஒரு துண்டிலும் கொம்பும் காலும் அடுத்த துண்டிலும் போய் விழுந்தால், அதைத் தடுக்க அந்தக் கணக்கில் எந்த விதியும் இல்லை.